சாவியைக் கொடுக்கும் முன்...

மூன்றாம் ஆண்டு, பொருளியல்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது முன்னோர் வாக்கு. நான் பாலாற்றங்கரையில் பிறந்தவன். எங்கள் ஓரிக்கையில் ஆறும் உண்டு. அளந்து போடுகிற வழக்கமும் உண்டு. பாவுக்கு எத்தனை இழை, ஊடைக்கு எத்தனை கிராம், சரிகை எத்தனை மார்க்கு என்று அளக்காமல் இங்கே ஒரு தறியும் ஓடுவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, அளக்காமல் கொட்டுகிற ஒரு செலவைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். மோட்டார் வண்டியை, குறிப்பாகக் காரை, எங்கே பழுதுபார்க்க விடுவது என்பதே அது.

“மாணவனுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? பஸ் பாஸ் வைத்திருப்பவனுக்கு இந்தக் கவலை எதற்கு?” என்று நண்பர்கள் நகைக்கலாம். பேராசிரியப் பெருமக்களுள் கார் வைத்திருப்போர் சிலர். அவர்கள் புன்னகை செய்யலாம். எனக்கு இது பொழுதுபோக்குப் பொருளன்று. எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே ஒரு காரின் எஞ்சினை நம்பித்தான்.

புடவைக்கு உள்ள விழிப்பு

காந்தி ரோட்டில் பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு புடவைக்காக நான்கு கடை ஏறி இறங்குவார்கள். முந்தானையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடிப்பார்கள். ஓர் இழையை உருவிக் கொளுத்தி, முடி கருகும் நாற்றம் வருகிறதா என்று முகர்ந்து பார்ப்பவரும் உண்டு. என் ஆயா சரிகையை நகத்தால் இலேசாகச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்த்த பிறகே வாய் திறப்பாள்.

தனி மனிதரின் இந்த விழிப்போடு நில்லாமல், அமைப்புகளும் துணைக்கு வந்திருக்கின்றன. நல்ல சரிகை கிடைக்கவேண்டும் என்பதற்காக 1971-ல் தமிழ்நாடு சரிகை நிறுவனம் நம் காஞ்சியிலேயே தொடங்கப்பட்டது. அசல் பட்டுக்கு அடையாளமாகப் பட்டு முத்திரை 2004-ல் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-ல் கிடைத்தது. வாங்குபவன் கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைப்பதற்கு இத்தனை ஏற்பாடு!

இவ்வளவு பார்த்து இருபதாயிரத்துக்குப் புடவை எடுத்த அதே மனிதர், அதைவிடப் பலமடங்கு விலையுள்ள காரைப் பட்டறை வாசலில் நிறுத்திச் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு, “எல்லாம் பார்த்து வையுங்க, சாயங்காலம் வரேன்” என்று சொல்லிப் போகிறார். மாலையில் பில்லை நீட்டினால் பணம் கொடுக்கிறார். என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள், எதை மாற்றினார்கள் என்று கேட்பதில்லை. புடவை தவறினால் பெட்டியில் தூங்கும். வண்டி தவறினால்?

தறியிலிருந்து ஸ்டியரிங்குக்கு

என் அப்பா முப்பது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்தவர். கோர்வை போடுவதில் தேர்ந்த கை. ஆனால் கை தேர்ந்தால் வயிறு நிறைந்துவிடுமா? கூலி ஏறவில்லை, கால் வலி ஏறியது. 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் ஆகஸ்டு வரை, நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்தருளும் அத்தி வரதரைக் காண உலகமே காஞ்சிக்குத் திரண்டதல்லவா? அந்த நாட்களில் நண்பர் ஒருவரின் வாடகைக் காரை ஓட்டிய அப்பா, ‘இனி இதுதான் நம் தொழில்’ என்று முடிவு செய்தார். தறியை விற்றார், கடன் வாங்கினார், பழைய டீசல் கார் ஒன்று மஞ்சள் பலகையோடு எங்கள் வாசலுக்கு வந்தது. வந்த சில மாதங்களில் ஊரடங்கும் வந்தது. அந்தக் கதை தனி. தவணை கட்டத் தவறக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் எங்கள் குடும்பம் அந்த இரண்டு ஆண்டுகளைக் கடந்தது என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

வண்டி ஒரு நாள் நின்றால் எங்களுக்கு ஒரு நாள் வருமானம் போயிற்று. எனவே யாரிடம் வண்டியை விடுவது என்பது எங்கள் வீட்டில், பெண்ணை யாருக்குக் கொடுப்பது என்பதைப் போல விவாதிக்கப்படும் விஷயம். இரண்டு அனுபவங்களைச் சொல்கிறேன். இரண்டும் எதிரெதிரானவை.

முதல் அனுபவம்

ஒரு கோடைக்காலம். வண்டியில் சூடு ஏறத் தொடங்கியது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அஞ்சிய அப்பா, ‘பெரிய இடத்திலேயே காட்டிவிடுவோம்’ என்று நெடுஞ்சாலை ஓரத்திலுள்ள ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு சென்றார். கண்ணாடிக் கதவு, குளிர்சாதன அறை, காகிதக் கோப்பையில் காப்பி. கழுத்துப் பட்டை அணிந்த இளைஞர் ஒருவர் அரைமணி நேரம் கழித்து வந்து, “ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார். எஞ்சினை இறக்கணும்” என்று கூறி ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்.

“எப்படித் தம்பி தெரிஞ்சுது?”

“கம்ப்யூட்டர் காட்டுது சார்.”

“நான் ஒருதரம் உள்ள வந்து பார்க்கலாமா?”

“கஸ்டமருக்கு உள்ள அனுமதி இல்லை சார்.”

அப்பா வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். அம்மா ஒரு வார்த்தையும் சொல்லாமல் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அந்தக் காட்சியை நான் மறக்கமாட்டேன். ஏனோ அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. “நாளைக்குச் சொல்றேன்” என்று வண்டியை எடுத்துக்கொண்டு, மறுநாள் விடியற்காலையில் எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் போனார். தகரக் கூரை, புளியமரம், எண்ணெய்க் கறை. அவ்வளவுதான் அந்தப் பட்டறை.

அவர் வண்டியைத் தொடவில்லை. முதலில் கேள்வி கேட்டார். “ஏண்ணா, சூடு ஓடும்போது ஏறுதா, நிக்கும்போது ஏறுதா?”

அப்பா யோசித்தார். “ஓடும்போது ஒண்ணும் இல்ல தம்பி. சிக்னல்லயும் காந்தி ரோட்டு நெரிசல்லயும்தான் ஏறுது.”

“அப்போ காத்து பத்தல. ஓடும்போது எதிர்க்காத்து ரேடியேட்டரை ஆத்திடுது. நிக்கும்போது ஃபேன்தான் ஆத்தணும். ஃபேன் ஓடுதான்னு பார்ப்போம்.”

ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் பால் போல் வெளுத்திருக்கவில்லை. ரேடியேட்டரில் குமிழி வரவில்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை. கேஸ்கெட் போயிருந்தால் இவற்றில் ஒன்றாவது தென்படும் என்றார். எஞ்சினைச் சூடாக விட்டார்; ஃபேன் அசையவில்லை. பேட்டரியிலிருந்து நேரே ஒயர் கொடுத்தார், ஃபேன் சுழன்றது. ஆக, ஃபேன் நல்லது. அதற்கு மின்சாரம் அனுப்பும் ரிலே கெட்டது. ரிலே இருநூற்று எண்பது ரூபாய். கூலி முந்நூறு. அம்மாவின் சங்கிலி கழுத்துக்குத் திரும்பியது.

இந்த இடத்தில் அந்தப் பெரிய ஒர்க்‌ஷாப்பை மோசடிக்காரர் என்று தூற்றிவிட்டு முடித்தால் இந்தக் கட்டுரை கைத்தட்டல் பெறும். நான் அதைச் செய்ய மாட்டேன். அந்த இளைஞர் ஏமாற்றினாரா, அறியாமல் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றே: கேட்டபோது காட்டவில்லை.

பாடப்புத்தகம் கூறுவது

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் வகுப்பில் படித்த ஒரு பாடம் எனக்கு உறைத்தது. 1970-ல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாதபோது, நல்ல சரக்கைக் கெட்ட சரக்கு சந்தையிலிருந்தே துரத்திவிடும் என்பது அதன் சாரம். இந்தத் துறை ஆய்வுக்காக 2001-ல் மேலும் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1973-ல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பொருள்களின் தரத்தை மூவகையாகக் காணலாம். புடவையின் நிறத்தை வாங்கும் முன்பே பார்க்கலாம். சாயம் போகுமா என்பதைத் துவைத்த பின் அறியலாம். மூன்றாவது வகையை வாங்கிய பின்னும் அறிய முடியாது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று கார் பழுதுபார்ப்பதே! ஃபேன் ரிலேயை மாற்றிவிட்டு, எஞ்சினையே இறக்கியதாகச் சொன்னாலும் சூடு நின்றுவிடும். நாம் கும்பிட்டுப் பணம் கொடுப்போம். நோயைக் கண்டறிபவனும் அவனே, மருந்து விற்பவனும் அவனே என்றால் நோயாளியின் கதி என்ன? ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் இன்றிருந்தால் கார் வைத்திருப்போரைத்தான் முதலில் அழைத்துப் படிக்கச் சொல்லியிருப்பார்!

இரண்டாம் அனுபவம்

‘ஆகவே சின்னப் பட்டறையே சிறந்தது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாங்களும் அப்படித்தான் கட்டினோம். அந்த முடிவு எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று கேளுங்கள்.

சில மாதங்கள் கழித்து முன்சக்கர பிரேக் பேடு தேய்ந்துவிட்டது. மறுநாள் காலை ஒரு சவாரி. அப்பா அவசரப்படுத்தினார். வழக்கமாக வாங்கும் கடை பூட்டியிருந்தது. மெக்கானிக் வேறொரு கடையில், கம்பெனிப் பெட்டியைப் போலவே இருந்த பெட்டியில் ஒரு ஜோடி வாங்கி வந்து மாட்டினார். விலையும் பாதி. பில் இல்லை, கேட்கவும் இல்லை. நம் ஆள்தானே!

மூன்று வாரம் கழிந்தது. உத்திரமேரூர்ச் சாலையில் முதியவர் இருவரை ஏற்றிக்கொண்டு அப்பா வந்துகொண்டிருந்தார். முன்னால் சென்ற பஸ் திடீரென்று நின்றது. அப்பா பிரேக்கை மிதித்தார். இரும்போடு இரும்பு உரசும் ஓசை கேட்டதே தவிர வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. முப்பது ஆண்டு நாடா வீசிய கை. நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்து மண்ணில் இறக்கினார். முட்செடிகளுக்குள் முகம் புதைத்து வண்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை. அந்தப் பாட்டியம்மாள் மட்டும் வெகுநேரம் அப்பாவின் கையை விடவே இல்லையாம்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, பேடின் உராய்வுப் பகுதி தகட்டிலிருந்து பெயர்ந்து விழுந்திருந்தது. போலிச் சரக்கு. மெக்கானிக் அதைக் கையில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “என் தப்புதாண்ணா. பெட்டியைப் பார்த்தேன், சரக்கைப் பார்க்கல” என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அசல் பேடு வாங்கிக் கூலி இல்லாமல் மாட்டினார்.

அப்பா இன்றும் அவரிடமே போகிறார். நான் சினந்து கேட்டேன். அப்பா சொன்னார்: “அங்க கேட்டதுக்குக் காட்டல. இவன் கேக்காமலே தப்பை ஒத்துக்கிட்டான். எவனை நம்பறது, நீயே சொல்லு.”

அந்தப் பதில் என் நெஞ்சைத் தொட்டது. ஆனால் என் அறிவை நிறைவு செய்யவில்லை. பஸ்ஸின் பின்புறத்தில் மோதியிருந்தால் அந்த ஒப்புதல் யாருக்குப் பயன்பட்டிருக்கும்? நல்ல மனம் வேண்டும்தான். நல்ல மனத்தால் போலிப் பெட்டியை அடையாளம் காண முடியாது. பெரிய இடத்தின் பலகையை நம்பினோம். சின்ன இடத்தின் பழக்கத்தை நம்பினோம். இரண்டு முறையும் நாம் செய்யத் தவறியது ஒன்றே: அளந்து பார்க்கவில்லை.

எங்கே விடுவது?

‘எந்தப் பட்டறை?’ என்பதைவிட ‘எப்படிப்பட்ட பட்டறை?’ என்பதே சரியான கேள்வி என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் இப்போது கடைப்பிடிக்கும் சில விதிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, வண்டியோடு வரும் கையேட்டை நாம் படிக்கவேண்டும். எத்தனை கிலோமீட்டருக்கு ஆயில், எத்தனை ஆண்டுக்குப் பிரேக் ஆயில், எப்போது டைமிங் பெல்ட் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. அதைப் படித்தவனிடம் தேவையில்லாத வேலையைத் தலையில் கட்டுவது கடினம். மருந்துச் சீட்டைப் படிக்காமல் மாத்திரை விழுங்குவோமா?

இரண்டாவது, புது வண்டியாக இருந்து வாரண்டி காலம் முடியாவிட்டால், இலவசச் சர்வீசையும் வாரண்டி வேலையையும் கம்பெனி ஒர்க்‌ஷாப்பிலேயே செய்துகொள்வது அறிவுடைமை. நாம் முன்பே விலை கொடுத்த உரிமை அது. விடுவானேன்?

மூன்றாவது, வாரண்டி முடிந்தபின் வேலைக்கு ஏற்ற இடம் பார்க்கலாம். ஆயில், ஃபில்டர், பிரேக், கிளட்ச் போன்றவற்றை நல்ல பட்டறை ஒன்று செவ்வனே செய்யும். ஏர்பேக், கம்ப்யூட்டர் பெட்டி போன்றவற்றுக்கு உரிய கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே சாவி கொடுக்கவேண்டும். “இது என்னால ஆகாதுண்ணா, அங்க கொண்டு போங்க” என்று சொல்லும் மெக்கானிக்கைக் கண்டால் விடாதீர்கள். அவரே நம்பத் தகுந்தவர்.

நான்காவது, முதல் நாளே பெரிய வேலையைக் கொடுக்கலாகாது. ஆயில் மாற்றக் கொடுத்துப் பாருங்கள். கேள்வி கேட்கிறாரா, கேட்டால் எரிந்து விழுகிறாரா, சொன்ன நேரத்தில் தருகிறாரா என்பவை அதிலேயே தெரிந்துவிடும்.

ஐந்தாவது, இதுவே முக்கியமானது. வேலை தொடங்கும் முன் என்ன குறை, என்ன வேலை, எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கவேண்டும். எழுதாத வேலையைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று சொல்லிவிட வேண்டும். கழற்றிய பழைய சாமானையும், புதுச் சாமான் வந்த பெட்டியையும், அதன் பில்லையும் கையில் வாங்கவேண்டும். பெரிய இடமோ சின்ன இடமோ, இந்த மூன்றைக் கொடுக்க மறுக்கும் இடத்தில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

“பழகிய மனிதரிடம் பில் கேட்டால் முகம் சுளிப்பாரே!” என்பார்கள். எங்கள் மெக்கானிக்கும் முதலில் சுளித்தார். அப்பா சொன்னார்: “கூட்டுறவுச் சங்கத்துல என் புடவையை எடை போட்டுத்தான் தம்பி வாங்கினாங்க. என் மேல சந்தேகப்பட்டா போட்டாங்க? எடை போட்டதாலதான் என் வேலைக்கு மரியாதை.” இப்போது அவர் பள்ளி நோட்டு ஒன்றில் கார்பன் தாள் வைத்து எழுதித் தருகிறார். அந்த நோட்டைக் காட்டியே அவருக்குப் புது வாடிக்கையாளர்கள் வருகிறார்கள்.

பூட்டி வைக்கப்பட்ட கருவிகள்

வாடிக்கையாளர் விழிப்பாக இருந்துவிட்டால் மட்டும் போதுமா? தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருக்கவேண்டுமென்றால், தேர்ந்தெடுக்க இரண்டு இடமாவது இருக்கவேண்டும் அல்லவா? இங்கேதான் கார்க் கம்பெனிகளைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது.

நம் வட்டாரம் கார் பிறக்கும் வட்டாரம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல், ஒரகடத்தில் 2010 முதல் கார்கள் உருவாகின்றன. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த மறைமலைநகரிலும் ஃபோர்டு கம்பெனி 2022 வரை கார் செய்தது. ஆனால் இங்கே பிறந்த காருக்கே இங்குள்ள பட்டறைக்காரர் அசல் சாமான் வாங்கவோ, அதன் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் பெறவோ திண்டாடிய கதை பழையது.

2011-ல் ஒரு தனி நுகர்வோர் கொடுத்த புகாரிலிருந்து இது வெளிச்சத்துக்கு வந்தது. இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்து, 2014 ஆகஸ்டு 25-ல் 14 கார்க் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிப் பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தது போட்டியைக் கெடுக்கும் செயல் என்பது அதன் முடிவு. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதும் போய்விடும் என்று பொதுவாக நிபந்தனை போடக்கூடாது என்றும் ஆணையம் கூறியது. கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. ஆயினும் அந்த ஆணை எழுப்பிய கேள்வி அழியவில்லை.

இது நம் நாட்டுக் கேள்வி மட்டுமன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-ல் வாக்களித்தே, பழுதுபார்க்கும் தகவல்களைக் கம்பெனிகள் வெளிப் பட்டறைகளுக்கும் தரவேண்டும் என்று சட்டம் கண்டார்கள். நம் மத்திய அரசும் 2022 டிசம்பர் 24-ல், பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாசலைத் திறந்தது. கார்களும் அதில் அடக்கம்.

இந்த உரிமை ஏன் வேண்டும்? அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ல் நின்றது. அதற்குப் பின்னும் அந்த வண்டிகள் சாலையில் ஓடியது யாரால்? மரத்தடி மெக்கானிக்குகளால். அந்த வண்டியின் எஞ்சின் கண்ணால் பார்த்துக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளக் கூடியது. இன்றைய வண்டி அப்படியன்று. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு வந்தபின் சென்சார்கள் இன்னும் பெருகிவிட்டன. கருவியும் தகவலும் பூட்டிக் கிடந்தால், நாளை ஒரு கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போகும்போது அதன் வண்டி வைத்திருப்பவன் எங்கே போவான்?

பட்டறைக்கும் கடமை உண்டு

உரிமை கேட்பவருக்குக் கடமையும் உண்டு. பட்டறைக்காரர்களையும் நான் சும்மா விடப்போவதில்லை.

வடித்த பழைய ஆயிலை மண்ணில் கொட்டுவது பல பட்டறைகளில் கண்ட காட்சி. அபாயக் கழிவுகள் பற்றிய 2016-ஆம் ஆண்டு விதிகள் இந்த எண்ணெயையும் அபாயக் கழிவாகவே கருதுகின்றன. உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச் சேரவேண்டும். பாலாற்று மணலடியில் ஊறும் நீரைக் குடிக்கும் ஊர் நாம். ஆற்றங்கரையில் கொட்டும் எண்ணெய் எங்கே போகும் என்று சொல்லவும் வேண்டுமா?

ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் ‘பையன்’ வயதென்ன என்று நாம் கேட்பதில்லை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பட்டறையில் வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். தறிக்குழியில் பிள்ளைகளை உட்கார வைத்ததன் வலியை நம் காஞ்சி நன்கறியும். அந்த வலியைப் பட்டறைக்கு இடம் மாற்றலாகாது. படித்து, ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு மோட்டார் மெக்கானிக் பயிற்சி பெற்று வரட்டும். அப்போது ஸ்கேனரும் அவன் சொல் கேட்கும். எழுதிக் கொடுக்காத, எண்ணெயை மண்ணில் கொட்டுகிற, சிறுவனை வேலை வாங்குகிற பட்டறை மலிவானதாக இருக்கலாம். அந்த மலிவின் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

ஓர் இரவு இருக்கை

எங்கள் ஊர்ப் பெயருக்கு ஒரு கதை உண்டு. திருமழிசை ஆழ்வார் தம் சீடர் கணிகண்ணனோடு காஞ்சியை விட்டு வெளியேற, பெருமாளும் தம் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னே நடந்தாராம். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ‘ஓர் இரவு இருக்கை’ ஆயிற்று. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பர்.

ஒவ்வொரு சர்வீசும் நம் வண்டிக்கு ஓர் இரவு இருக்கையே. அந்த ஓர் இரவில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாது. மறுநாள் அதில் நம் தாய் ஏறுவாள்; யாரோ ஒருவரின் தாய் ஏறுவாள். தெரியாத அந்த இரவுக்கு ஒரு துண்டுத் தாளாவது சாட்சியாக இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

நம் கல்லூரியின் குடிமக்கள் நுகர்வோர் மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம். வேலைச் சீட்டு ஒன்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் தயாரிப்போம். குறை, வேலை, சாமான், விலை, பழைய சாமான் திரும்பத் தரப்பட்டதா என்ற ஐந்து கட்டங்கள் போதும். நூறு படி எடுத்து நகரிலுள்ள பட்டறைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். குறை தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் அதன் அடியில் அச்சிடுவோம். முதல் சீட்டைப் புளியமரத்தடிக்குக் கொண்டு செல்லும் பொறுப்பு என்னுடையது. கார்பன் தாள் வைத்த அந்தப் பள்ளி நோட்டு தீரப்போகிறது என்று சென்ற வாரம்தான் அவர் அப்பாவிடம் சொன்னாராம்.